யாருக்குப் போட்ட பந்து

பந்து மறுபடியும் ஒரு சாண் தாழ்வாகத்தான் போனது. விரல்நுனியை விட்டுக் கிளம்பும்போதே சுகிர்தாவுக்கு அது தெரிந்துவிட்டது, தெரிந்து என்ன பிரயோஜனம், கிளம்பின பந்தைக் கூப்பிட்டால் திரும்பியா வரப்போகிறது. இடது ஓரத்திலிருந்து பேச்சியம்மாள் ஓடிவந்து எகிறிக் கையை வீசினாள். வீசிய இடத்தில் பந்து இல்லை. அது அதற்குள் அந்த இடத்தைத் தாண்டி வெளிக்கோட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. பந்துப் பைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த கோச் தமயந்தி மேடம் விசிலை வாய்வரை கொண்டுபோய், ஊதாமல் இறக்கிவிட்டு, "பேச்சி, கண்ணை எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். பேச்சியம்மாள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கே திரும்பி நடந்தாள். தப்பு அவள் கண்ணில் இல்லை மேடம், என் கையில்தான் என்று சொல்ல வேண்டும் என்று சுகிர்தா நினைத்தாள், நினைத்து முடிப்பதற்குள் அடுத்த பந்து வந்துவிட்டது. வாலிபாலில் செட்டராக இருப்பவளுக்கு இப்படி ஒரு வசதி உண்டு, வாயைத் திறக்க வேண்டிய நேரம் பார்த்துக் கைக்கு வேலை வந்து சேரும். ஒருத்தி எடுத்துக் கொடுக்கும் பந்தை விரல்களில் ஏந்தி, எகிறி அடிக்கப் போகிறவளுக்கு வாகாகத் தூக்கிவிடுகிற நடுவேலை அவளுடையது. கைதட்டல் அடித்தவளுக்குப் போகும். பந்து வீணானால் திட்டும் அடித்தவளுக்கே போகும். இவ்வளவு நாள் இதில் முதல் பாதி மட்டும்தான் அவளுக்கு வருத்தமாக இருந்தது, இரண்டாம் பாதி எவ்வளவு சௌகரியம் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது, தெரிந்ததும் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சொல்லத்தான் வேண்டும். இதை மட்டுமா, இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதுதான் பெரியது, அதைச் சொல்லிவிட்டால் பந்து ஏன் தாழ்கிறது என்பதும் கூடவே விளங்கிவிடும். சென்னையில் ஒரு கல்லூரி அவளைக் கூப்பிடுகிறது. மே மாதம் திண்டுக்கல்லில் நடந்த போட்டியில் அவள் ஆடியதை அந்தக் கல்லூரியின் கோச் சத்தியசீலன் சார் பார்த்திருக்கிறார், பார்த்தவர் தன் அம்மாவிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாக வந்து பேசி நம்பர் வாங்கிக்கொண்டு போனார். பிறகு போனுக்கு மேல் போன். கூரை போட்ட கோர்ட்டாம், பலகைத் தரையாம், முட்டி வலித்தால் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறாராம், ஹாஸ்டலில் தினமும் முட்டையாம். "இங்க வந்தா உன் கை எங்கேயோ போயிடும்மா" என்றார் சார். எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இங்கே பாளையங்கோட்டையில் மண் கோர்ட், சாயங்காலம் ஆனால் ஹோஸ் பைப்பைப் பிடித்து முறை வைத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும், தெளித்தது காய்வதற்குள் ஆடினால் சறுக்கும், காய்ந்த பிறகு ஆடினால் பல்லெல்லாம் மண். ஆனால் இந்த மண்ணில்தான் ஒரு வருஷம் ஆடி அவள் இந்தக் கையைச் சம்பாதித்தாள், சார் பார்த்ததும் இந்தக் கையைத்தான், அப்படியானால் பலகைத் தரைக்குப் போனால் இந்தக் கை இதே கையாக இருக்குமா அல்லது வேறு யாருடைய கையாகவோ ஆகிவிடுமா. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஈரோட்டுப் பெண் ஒருத்தி காத்திருக்கிறாளாம். சாயங்காலம் என்றால் எது சாயங்காலம், வெயில் இறங்கினாலா, இருட்டினாலா, சார் தூங்கப் போவதற்கு முன்னாலா. பந்து வந்தது. ஏந்தினாள், விட்டாள். தாழ்வு. பேச்சியம்மாளின் விரல் நகம் மட்டும் பந்தில் பட்டு அது கோணலாகப் போய் வேலியில் விழுந்தது.

போவது என்றால் எப்படிப் போவது என்பதில்தான் மண்டை குழம்பிப்போகிறது. முதலில் இங்கே டி.சி. வாங்க வேண்டும். டி.சி. வாங்கிவிட்டால் இந்தக் கல்லூரியில் பெயரை அடித்துவிடுவார்கள், பிறகு இவர்களே நினைத்தாலும் திரும்பச் சேர்க்க முடியாதாம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால்தான் அங்கே பெயர் ஏறும். அப்படியென்றால் இங்கே அடித்ததற்கும் அங்கே ஏறுவதற்கும் நடுவில், ரயிலில் போகிற அந்த ராத்திரி முழுக்க, அவள் யார். அந்த ராத்திரியில் சார் மனம் மாறிவிட்டால். ஈரோட்டுப் பெண் முந்திக்கொண்டால். போனில் சொன்னதுதானே எல்லாம், போனில் யார் எதைச் சொல்லவில்லை. அங்கே இரண்டாம் வருஷத்தில் சேர்க்க முடியாது, பாடம் வேறு, யுனிவர்சிட்டி வேறு, அதனால் மறுபடியும் முதல் வருஷத்திலேயே சேர வேண்டும் என்கிறார் சார், அதுவும் நல்லதுக்குத்தானாம், இன்னும் மூன்று முழு வருஷம் ஆடலாமாம். அப்போது இங்கே படித்த ஒரு வருஷம், முகலாயர்களும் மராத்தியரும், அந்த அரியர் பேப்பரை எழுதிப் பாஸ் பண்ணினாளே அது, எல்லாம் என்ன ஆவது. யுனிவர்சிட்டி மாறினால் ஒரு வருஷம் ஆட விடாமல் வெளியே உட்கார வைப்பார்கள் என்று ஹாஸ்டலில் ஒருத்தி சொன்னாள். அந்த ரூலெல்லாம் போய்விட்டது என்று இன்னொருத்தி. போகவில்லை, முதல் வருஷத்தில் புதிதாகச் சேர்ந்தால் அது கணக்கில் வராது என்று மூன்றாவது ஆள். சாரைக் கேட்டால், "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்மா." எதைக் கேட்டாலும் அதே பதில்தான், கேட்ட நிமிஷம் தெம்பாக இருக்கும், போனை வைத்த பிறகு அந்த வார்த்தைக்குள் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். இந்தக் கல்லூரியிலிருந்து முன்பு ஷெர்லின் அக்கா என்று ஒரு செட்டர் இப்படித்தான் கோயம்புத்தூர் பக்கம் போனாள். கூப்பிட்ட கோச் வேலையை விட்டுப் போய்விட, வந்த கோச் தன் ஆளைக் கொண்டுவந்துவிட, ஷெர்லின் அக்கா பெஞ்சிலேயே உட்கார்ந்து படிப்பை முடித்தாள் என்பது ஒரு கதை. அதெல்லாம் இல்லை, முட்டி போய்விட்டது, அங்கே ஏன் என்று கேட்க ஒரு நாதியில்லை என்பது இன்னொரு கதை. ரயில்வேயில் வேலை கிடைத்துச் செகந்திராபாத்தில் சௌக்கியமாக இருக்கிறாள் என்று மெஸ் அக்கா அடித்துச் சொல்கிறார். மூன்றில் எது நிஜம் என்று தெரிந்தால் போதும், சுகிர்தா ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள். ஷெர்லின் அக்காவின் நம்பர் மட்டும் யாரிடமும் இல்லை.

"ஏ பேச்சி, கால்ல என்ன ஆணியா அடிச்சு வச்சிருக்கு?" மேடத்தின் குரல் இந்த முறை கொஞ்சம் ஏறியது. பேச்சியம்மாள், "நான்தான் லேட்டா ஏறுதேன் மேடம்" என்றாள். இல்லை, அவள் லேட் இல்லை. அவள் எப்போதும் ஓடுகிற நேரத்துக்குத்தான் ஓடுகிறாள். சுகிர்தா உயரமாகத் தூக்கிவிடுவாள், பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும், அந்த நிற்பைப் பார்த்துவிட்டுப் பேச்சியம்மாள் ஓட்டத்தைத் தொடங்குவாள், அவளுக்கு அந்த ஒரு கணம் போதும். அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். இப்போது பந்து உச்சிக்கே போவதில்லை, நெட்டின் விளிம்பை ஒட்டிச் சீறிக்கொண்டு போகிறது, நிற்பதில்லை. இதை அடிக்க வேண்டுமென்றால் செட்டரின் கையில் பந்து இருக்கும்போதே ஓடிவந்திருக்க வேண்டும். யார் அப்படி ஓடிவருகிறாள் என்று சுகிர்தாவுக்குத் தெரியும். சார் அனுப்பிய வீடியோவில் ஒன்பதாம் நம்பர் ஜெர்ஸி போட்ட ஒருத்தி ஓடிவருகிறாள். நீளக் கழுத்து, தலையில் இறுக்கிப் பின்னின குட்டை ஜடை, பந்து வருமா வராதா என்று ஒரு சந்தேகமும் இல்லாத ஓட்டம். "இந்த டெம்போவுக்கு, இந்த வேகத்துக்கு, உன் கை வரணும்மா" என்று சார் ஒரு வார்த்தைதான் சொன்னார். அன்றையிலிருந்து விடியற்காலையில் ஹாஸ்டலுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் டேங்குச் சுவரில், காரை பெயர்ந்த ஓர் இடத்தைக் குறி வைத்து, தாழ்வாகவும் வேகமாகவும் போட்டுப் போட்டுப் பழகினாள். ஒரு பழக்கத்துக்குத்தானே, தெரிந்து வைத்துக்கொள்வதில் என்ன தப்பு, போகிறேன் என்றா சொல்லிவிட்டேன் என்று சுவரிடம் சொல்லிக்கொண்டே பழகினாள். கை அதை நம்பவில்லை. மனசு போகலாமா வேண்டாமா என்று இங்கேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க, கை மட்டும் முன்னதாகவே ரயிலேறிப் போய்விட்டது.

சரி, வேண்டுமென்றே உயரமாகத் தூக்குவோம், பழைய பந்தைப் போடுவோம், அதில் என்ன கஷ்டம், ஒரு வருஷம் போட்ட பந்துதானே. முழங்கையை இறக்கி, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். பந்து வேப்பமரக் கிளைவரை போனது. பேச்சியம்மாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள், அது இறங்கி வருவதற்குள் ஒரு பஸ்ஸைப் பிடித்துவிடலாம், இறங்கியதோ நெட்டுக்கு அந்தப் பக்கம். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். சுகிர்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்ததைக் கொஞ்சம் குறைத்தாள், தாழ்ந்துவிட்டது. அடுத்ததைக் கூட்டினாள், கோணலாகப் போனது. இது யோசிக்காமல் செய்கிற வேலை, யோசித்தால் போயிற்று, மாடி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசிக்கிறவள் உருண்டுதான் விழுவாள். இப்போது அவளிடம் பழைய பந்தும் இல்லை, புதுப் பந்தும் முழுதாக இல்லை. அப்படியே சென்னைக்குப் போய் அங்கேயும் கை இப்படி நடுவில் நின்றுவிட்டால். சார் ஒரு வாரம் பார்ப்பார், இரண்டு வாரம் பார்ப்பார், அப்புறம் ஈரோட்டுக்குப் போன் போட்டுவிடுவார். அப்பாவிடம் கேட்டாள், ஆறுமுகநேரியில் உப்பளத்து மோட்டார் ஷெட்டில் இரைச்சலுக்கு நடுவில் போனை எடுத்தவர், "ஏ பிள்ள, உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி" என்றார், எது சரி என்று பட்டிருந்தால் அவரை ஏன் கூப்பிடப்போகிறாள். அம்மா, மெட்ராஸ் தண்ணீரில் முடி கொட்டும் என்றாள், ஜெபம் பண்ணு, ஆண்டவர் வழி காட்டுவார் என்றாள். பண்ணினாள். கண்ணை மூடினால் ஒன்பதாம் நம்பர் ஓடிவந்தாள், கண்ணைத் திறந்தால் பக்கத்துக் கட்டிலில் பேச்சியம்மாள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இதில் எது வழி என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

பேச்சியம்மாள்தான் உண்மையில் இடிக்கிறாள். சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு வந்து, ஹாஸ்டலில் முதல் நாள், "மேல் கட்டில் எனக்கு வேண்டாம்ட்டி, நான் எந்திரிச்சா ஃபேன்ல தல இடிக்கும்" என்று சொன்ன பெண். அந்த உயரத்தைக் கண்டுதான் மேடம் அவளைக் கோர்ட்டுக்கு இழுத்து வந்தார், அதுவரை கபடிதான் ஆடியிருந்தாள், கோடு தாண்டாமல் நிற்கவே அவளுக்குத் தெரியாது. சுகிர்தா போட்டுக் கொடுக்கக் கொடுக்கத்தான் அடிக்கக் கற்றுக்கொண்டாள். மற்ற டீம்களில் செட்டர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டி எந்தப் பந்து வரும் என்று அட்டாக்கருக்குச் சொல்ல வேண்டும், இவர்களுக்கு விரல் வேண்டாம், சுகிர்தா மூச்சு இழுக்கிறதை வைத்தே பேச்சியம்மாளுக்குப் புரிந்துவிடும். வாலிபாலைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது. பேசுவதெல்லாம் மெஸ் சாம்பாரைப் பற்றி, மூன்றாம் மாடி வார்டனைப் பற்றி, பேச்சியம்மாளின் அத்தை மகன் அனுப்புகிற குட்மார்னிங் படங்களைப் பற்றி. இதையும் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை முறை வாயெடுத்திருப்பாள். சொன்னால் அவள் அழமாட்டாள், சண்டை போடமாட்டாள், "போயிட்டு வா" என்பாள், அதைத்தான் தாங்க முடியாது. நாளைக்கு யுனிவர்சிட்டி டிவிஷன் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும். டீமில் பெயர் இருந்தால்தான் பேச்சியம்மாளுக்கு இலவச ஹாஸ்டல், ஹாஸ்டல் இருந்தால்தான் படிப்பு, படிப்பு போனால் அத்தை மகன். அவ்வளவு சுருக்கமான கணக்கு அது. சுகிர்தா டி.சி. வாங்கிக்கொண்டு போனால் வேறு ஒருத்தி செட்டராக வருவாள், அவள் போடுகிற பந்து பேச்சியம்மாளுக்கு ஒத்துவருமோ வராதோ. ஆனால் போகாமலேயே, இன்றைக்கே, இந்த மண்ணில் நின்றுகொண்டே, அவள் பெயரை வெட்ட வைத்துக்கொண்டிருக்கிறாளே. இது என்ன மாதிரி துரோகம் என்று அவளுக்கு விளங்கவில்லை. போனால் துரோகம் என்றால் இருந்து செய்வதற்கு என்ன பெயர்.

"பேச்சி, வெளிய வா. மோனிஷா, நீ போ அந்த இடத்துக்கு." மேடம் சொல்லிவிட்டார். மோனிஷா முதல் வருஷம், சேர்ந்து இன்னும் புது ஜெர்ஸிகூட வரவில்லை, பதறிக்கொண்டு ஓடிவந்து நின்றாள். பேச்சியம்மாள் கோட்டுக்கு வெளியே போய் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள், முகத்தில் ஒன்றும் இல்லை, கோபம்கூட இல்லை, அதனாலேயே சுகிர்தா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இப்போது சொல்லிவிடு. இப்போது. பந்து வந்தது. போனது. மோனிஷா கையை வீசினாள், காற்று. இன்னொன்று. காற்று. மூன்றாவதற்கு அந்தப் பெண் பயந்துபோய் எகிறவே இல்லை. மேடம் கையிலிருந்த பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்றார். பேச்சியம்மாளுக்குக் கண் போயிற்று, சரி, இந்தப் பெண்ணுக்குமா கண் போயிற்று என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, ஷூவைத் தரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, மோனிஷாவை நகரச் சொல்லி, இடது ஓரத்தில் தானே போய் நின்றார். ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர், இப்போது மாடி ஏறவே கைப்பிடியைப் பிடிக்கிறவர். பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, பந்தைத் தூக்கிப் போடச் சொன்னார். சுகிர்தாவைப் பார்த்து, "போடு" என்றார். உயரமாகப் போட்டுவிடு, இந்த ஒன்றை மட்டும் பழைய மாதிரி போட்டுவிடு, அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மனசு. பந்து விரலுக்கு வந்தபோது மனசு எங்கே இருந்தது என்று தெரியவில்லை, கை தன் வேலையைச் செய்தது. மேடம் எகிறவில்லை. பந்து புறப்படுவதற்கு முன்பே முன்னால் வந்து, தலைக்கு மேல் ஒரு கையை நீட்டி, நெட்டின் விளிம்பை ஒட்டி வந்த பந்தை அப்படியே பிடித்துக்கொண்டார். பிடித்த கையை இறக்காமல் அந்த உயரத்தை அவர் ஒரு தரம் பார்த்தார். பந்தின் வேகமும் அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும். பிறகு பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு சுகிர்தாவிடம் நடந்து வந்தார்.

"இது யாருக்குப் போட்ட பந்து?"

திட்டுகிற குரல் இல்லை அது, கடையில் இது என்ன துணி என்று கேட்கிற குரல். சுகிர்தாவுக்கு இப்போது பொய் ஒன்று வேண்டும், நல்ல பொய் எல்லாம் மற்றவர்களுக்குத்தான் சமயத்தில் கிடைக்கிறது, அவளுக்கு நிஜம்தான் வாயில் வந்தது, அதுவும் பாதியாக. "அங்க ஒருத்தி இருக்கா மேடம். பேரு தெரியாது" என்றாள். எங்கே என்று மேடம் கேட்டார். மெட்ராஸில் என்றாள். கல்லூரி பெயரையும் சாரின் பெயரையும் சொன்னாள், இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும், முதல் வருஷத்திலிருந்து என்பதையும், ஈரோட்டுப் பெண்ணையும், தேவையில்லாமல் தினமும் முட்டை என்பதையும்கூடச் சொன்னாள். பேச்சியம்மாள் கையில் அடுத்த பந்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேடம் ஷெர்லின் அக்காவைப் பற்றி ஏதாவது சொல்வார், அந்த மூன்று கதைகளில் ஒன்றை நிஜமாக்குவார் என்று சுகிர்தா காத்திருந்தாள், அவர் அதைச் செய்யவில்லை. சாரைத் தனக்குத் தெரியும், கெட்டவர் இல்லை, ஆனால் அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதில் பாதி அவர் கையில் இல்லாதது என்று மட்டும் சொன்னார். ஒரு வருஷம் வெளியே உட்கார வைக்கிற அந்த ரூல் இப்போது எப்படி இருக்கிறது என்று தனக்கே சரியாகத் தெரியாது என்றார். மேடத்துக்கும் தெரியாதா. அந்தக் கணத்தில்தான் சுகிர்தாவுக்குப் பயம் முழுசாக வந்தது, தெரிந்த ஆள் யாரோ ஒருவர் எங்கேயோ இருக்கிறார், கேட்டால் சொல்லிவிடுவார் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள், அப்படி ஒருவரும் இல்லை.

பேச்சியம்மாள் கையிலிருந்த பந்தை மோனிஷாவிடம் கொடுத்து, "நீ தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டு, இடது ஓரத்துக்குப் போனாள். மேடத்தைப் பார்த்து, ஒரு தடவை தான் அடித்துப் பார்க்கிறேன் என்றாள். மேடம் விலகிக்கொண்டார். "காலையில டேங்குச் செவுத்துல போட்டுப் பழகுதியே, அதப் போடு" என்றாள் சுகிர்தாவிடம். அந்தச் சத்தம் இவளுக்குக் கேட்டிருக்கிறது, வாயைத் திறந்து தூங்குகிறவளுக்கு விடியற்காலைதோறும் கேட்டிருக்கிறது, ஒரு நாளும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. யோசிக்க நேரமில்லை, மோனிஷா பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். பந்து இன்னும் சுகிர்தாவின் கைக்கே வரவில்லை, மண்ணில் ஷூ பறிக்கிற சத்தம் கேட்டது, பேச்சியம்மாள் ஓடத் தொடங்கிவிட்டாள், பந்து வருமா வராதா என்று பார்க்காமல், இல்லாத பந்தை நோக்கி. விரலில் பட்டதும் விட்டாள். அடி விழுந்த சத்தம் கல்லூரிச் சுவர்வரை போனது. எதிர்ப்பக்கம் நின்றவர்களில் ஒருத்தியும் கையைத் தூக்கவில்லை, பந்து விழுந்த இடத்தில் ஈர மண் பெயர்ந்து கிடந்தது. யாரும் கைதட்டவில்லை. சுகிர்தாவின் விரல்களுக்கு மட்டும் தெரிந்தது, வீடியோவில் பார்த்துப் பார்த்து ஏங்கியது இதுதான், சுவருக்குப் போட்டபோது கிடைக்காதது இதுதான்.

பேச்சியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நெட்டடியில் வந்து நின்றாள். "இத அடிக்க இங்க ஆளில்லன்னுதான போற? இந்தா, ஆளிருக்கு" என்றாள். ஜெயித்த குரல் இல்லை, கெஞ்சவும் இல்லை, இருக்கிறதை இருக்கிறது என்று சொன்னாள். ஆமாம் என்று சுகிர்தாவுக்கு அழுகை முட்டியது. அதுதானே காரணம், கூரையும் பலகையும் முட்டையும் இல்லையே, தன் கைக்கு ஒரு கை வேண்டும் என்றுதானே இத்தனை குழப்பமும், அந்தக் கை பக்கத்துக் கட்டிலிலேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இனி என்ன, போகவில்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது, டி.சி. வேண்டாம், அந்த ராத்திரி ரயில் வேண்டாம், ரூல் எப்படி இருந்தால் என்ன. சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயில் அந்த வார்த்தை வரவில்லை. உள்ளே தேடிப் பார்த்தாள், போக வேண்டும் என்பது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, காரணம் போன பிறகும் அது போகாமல், கொஞ்சம்கூடக் குறையாமல் இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு ஆசை தனக்குள் இத்தனை நாளாக, ஒரு நியாயமும் கேட்காமல் உட்கார்ந்திருந்ததா. இதற்குத்தான் ரூலும் கோர்ட்டும் ஒன்பதாம் நம்பரும் என்று ஒவ்வொன்றாகப் போர்த்தி மூடி வைத்திருந்தாளா.

"ஆளிருந்தாலும் போகணும்னு இருக்கு பேச்சி" என்றாள். "ஏன்னு கேக்காத. எனக்கே தெரியல."

பேச்சியம்மாள் அவளைப் பார்த்தாள். போயிட்டு வா என்று சொல்லவில்லை. அதைச் சொல்லிவிடுவாள் என்று இவ்வளவு நாள் பயந்தவளுக்கு இப்போது அவள் சொல்லாததுதான் வலித்தது. மேடம் பந்துப் பைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், பெயர் கொடுக்க நாளைக் காலைவரை நேரம் இருக்கிறது, பேச்சியின் பெயர் இருக்கும், சுகிர்தாவுடையது இருக்க வேண்டுமா என்பதை ஆபீஸில் வந்து அவளே சொல்லட்டும் என்றார். பிறகு குனிந்து ஒரு பந்தை எடுத்தார். வெயில் இறங்கிவிட்டது, இதுதான் சாயங்காலம் போலிருக்கிறது. சுகிர்தா நெட்டுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் நின்று கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தினாள், பயம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை, எந்தப் பந்தைப் போடப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. மேடம் தூக்கிப் போட்டார். இடது ஓரத்தில் பேச்சியம்மாள் அதற்குள் ஓடிவரத் தொடங்கியிருந்தாள்.